முடிந்த பரீட்சை இன்னும் ஏன் கனவில் வருகிறது? திரும்பத் திரும்ப வரும் பதற்றக் கனவைப் படித்தறிய முழு வழிகாட்டி

பிளஸ் டூ முடித்து இருபது வருஷம் ஆகியிருக்கும். டிகிரி, வேலை, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் வந்தாயிற்று. ஆனாலும் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் கணக்குப் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பீர்கள். வினாத்தாளைப் படித்துப் பார்க்கக் கொடுத்த பத்து நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கணக்குகூடத் தெரிந்ததாக இருக்காது. இல்லையென்றால் எல்லாம் எழுதி முடித்து, அடிஷனல் ஷீட்டுகளைக் கட்டப் போகையில் நூல் ஓட்டையில் நுழையாது. பெல் அடித்துவிடும். திடுக்கிட்டு எழுந்து, ‘அதுதான் எப்பவோ பாஸ் பண்ணியாச்சே’ என்று புரிவதற்கே அரை நிமிஷம் பிடிக்கும்.

இந்த மாதிரிக் கனவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், கனவுப் பலன் புத்தகம் ஒரு வரியில் பதில் சொல்லும். பல் விழுந்தால் வீட்டில் சாவு, பாம்பு கடித்தால் பீடை விட்டது, கல்யாணத்தைக் கண்டால் இழவு, இழவைக் கண்டால் ஆயுசு கெட்டி. சுவாரசியமான பட்டியல்தான். ஆனால் அது நாளை நடக்கப்போவதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு கனவைப் பார்க்கிறது. பதற்றக் கனவைப் படிக்க வேண்டுமென்றால் நேற்றைப் பார்க்க வேண்டும். அதிலும் கனவில் என்ன வந்தது என்பதைவிட, எந்தத் தேதியில் வந்தது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. ஆறு வாரமும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும்.

தூக்கத்தில் நடப்பது என்ன

தூக்கம் சுமார் 90 நிமிஷச் சுற்றுகளாக ஓடுகிறது. ஓர் இரவில் நாலைந்து சுற்று. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண்மணிகள் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். ‘ரெம்’ தூக்கம் என்று பெயர். தெளிவான, கதை போல ஓடும் கனவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் வருகின்றன. முன்னிரவில் இந்தக் கட்டம் சில நிமிஷமே இருக்கும். விடியல் நெருங்க நெருங்க அரை மணிக்கும் மேலாக நீளும். அதிலிருந்து நேராக விழிப்பதால் கனவு நினைவில் நிற்கிறது. ‘விடியற்காலைக் கனவு பலிக்கும்’ என்று சொல்வதற்கு அடியில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். விடியற்காலைக் கனவு பலிப்பதில்லை, ஞாபகம் இருக்கிறது.

ரெம் நேரத்தில் மூளையில் பயத்தையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகள் மும்முரமாக வேலை செய்யும். ‘இது எப்படிச் சாத்தியம்?’ என்று குறுக்குக் கேள்வி கேட்கும் முன்மூளைப் பகுதி அடங்கியிருக்கும். நாற்பது வயதில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பது அந்த நேரத்தில் கொஞ்சமும் விநோதமாகத் தெரியாததற்கு இதுதான் காரணம். உணர்ச்சி அசலாக இருக்கும், காட்சி கையில் கிடைத்ததை வைத்துத் தைத்ததாக இருக்கும். ஆகவே படிக்கும்போது உணர்ச்சியை நம்புங்கள், காட்சியைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

முதல் படி: உடம்பை விசாரித்துவிடுங்கள்

அர்த்தம் தேடி இறங்குவதற்கு முன்பு இதை முடித்தாக வேண்டும். பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். பிறகு ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்த கனவுக்குப் பால்ய காலத்தில் காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கனவு எந்த மாதத்திலிருந்து அதிகமானது என்று எழுதுங்கள். அதற்கு முந்தைய நாலைந்து வாரத்தில் புதிதாகத் தொடங்கிய, அளவு மாற்றிய, நிறுத்திய மாத்திரைகளைப் பக்கத்தில் எழுதுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரனலால், மெட்டோப்ரலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், செர்ட்ராலைன், எஸ்சிடலோபிராம் வகை மனச்சோர்வு மருந்துகள், புகையை விடக் கொடுக்கும் வரெனிக்லின், பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோப்பா, மறதி நோய்க்கான டோனெபெசில் ஆகியவை கனவை முறுக்கேற்றக்கூடியவை. நம் ஊரில் சளிக்கும் தும்மலுக்கும் சகஜமாக எழுதித்தரும் மாத்திரை ஒன்றில் லெவோசெட்ரிசினோடு மாண்டெலுகாஸ்ட் சேர்ந்திருக்கும். அந்த மாண்டெலுகாஸ்டும் இந்தப் பட்டியலில் உண்டு. சந்தேகம் வந்தால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் தேதிகளோடு போய்ச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மனச்சோர்வு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அதுவரை அடங்கிக் கிடந்த ரெம் தூக்கம் திரும்பிப் பாய்ந்து, கனவு இன்னும் மோசமாகும்.

மதுவும் இதே கணக்குத்தான். குடித்த இரவின் முன்பாதியில் ரெம் குறையும், பின்பாதியில் வட்டியோடு திரும்பும். நாலு மணிக்கு வியர்த்து விழிக்கிறவர்கள் முந்தின மாலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காய்ச்சலும், இரண்டு மூன்று நாள் தூக்கக் கடனும் இதே மாதிரிதான்.

குறட்டை பலமாக இருந்து, மூச்சு முட்டுவது, தண்ணீரில் மூழ்குவது, யாரோ கழுத்தை நெரிப்பது என்று கனவு வருமானால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கழிப்பறை தேடி அலைந்து, கிடைத்ததெல்லாம் அசிங்கமாகவோ கதவில்லாமலோ இருக்கும் கனவுக்கு அர்த்தமே தேட வேண்டாம். எழுந்து போய்விட்டு வந்து படுங்கள்.

இரண்டாம் படி: கனவை ஐந்து வரியில் பிடிப்பது

தலைமாட்டில் நோட்டும், மூடி திறக்க வேண்டாத ஒரு பேனாவும் இருக்கட்டும். விழித்ததும் புரண்டு படுக்காமல், அதே நிலையில் கண்ணை மூடியபடி அரை நிமிஷம் இருங்கள். கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அதற்கு முன் என்ன, அதற்கும் முன் என்ன என்று. முன்னிருந்து தொடங்கினால் நூல் அறுந்துவிடும். போனை எடுத்தீர்களோ, போச்சு. நேரம் பார்க்கத்தான் எடுத்தேன் என்றாலும் முதல் வாட்ஸ்அப் செய்தி கனவின் மேல் உட்கார்ந்துவிடும்.

எழுத வேண்டியது ஐந்தே வரி:

தேதி (எழுந்த காலையின் தேதி), விழித்த நேரம்.
இடமும் ஆட்களும், ஒரே வாக்கியத்தில்.
பதற்றம் உச்சத்துக்குப் போன கணம். நடந்துகொண்டிருப்பது போல எழுதுங்கள்: ‘நூல் நுழைய மாட்டேன் என்கிறது, சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நிற்கிறார்.’
அந்தக் கணத்தின் உணர்ச்சி, ஒரே சொல்லில். பக்கத்தில் 0 முதல் 10 வரை ஓர் எண்.
போன தடவைக்கும் இப்போதைக்கும் மாறியிருப்பது என்ன.

இரண்டு பக்கம் எழுதுகிறவர்கள் பத்தாவது நாள் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் ஐந்து வரி. கனவே வராத நாளிலும் தேதியைப் போட்டு ‘இல்லை’ என்று எழுதுங்கள். இது அற்பமாகத் தோன்றும், ஆனால் பிறகு சோதித்துப் பார்க்கையில் வந்த நாட்களுக்குச் சமமாக வராத நாட்களும் தேவைப்படும். கனவைப் பிடிக்கவென்று மூன்று மணிக்கு அலாரம் வைப்பவர்களும் உண்டு. வேண்டாம். கெடுவது தூக்கம், கெட்ட தூக்கம் மறுபடி கெட்ட கனவு.

மூன்றாம் படி: முடிச்சும் அதன் சரியான சொல்லும்

நாலைந்து பதிவு சேர்ந்த பிறகு வரிசையாக வைத்துப் படியுங்கள். மாறாமல் நிற்பது எது, ஒவ்வொரு தடவையும் மாறுவது எது என்று இரண்டு நிற மையில் கோடிடுங்கள். ஹால், பெஞ்சு, வாத்தியார் முகம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். மாறாதது ஒரு சிறிய கணமாக இருக்கும். அதுதான் முடிச்சு.

‘பரீட்சைக் கனவு’ என்று பொதுவாகச் சொல்வதில் குறைந்தது நாலு வேறு முடிச்சுகள் இருக்கின்றன. ஒன்று, வருஷம் முழுக்க அந்த வகுப்புக்கே போகவில்லை, இன்று தேர்வு. இரண்டாவது, எல்லாம் தெரியும், ஆனால் ஹால் எங்கே என்று தெரியவில்லை, பஸ் கிடைக்கவில்லை, ஹால் டிக்கெட் இல்லை. மூன்றாவது, எழுத எழுத நேரம் போதவில்லை. நாலாவது, எழுதியாயிற்று, ஆனால் ஏதோ தப்பு நடந்து பேப்பர் செல்லாது என்கிறார்கள். முதலாவது, தகுதி இல்லாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற கூச்சம். இரண்டாவது, திறமை இருந்தும் வாய்ப்பை யாரோ தடுக்கிறார்கள் என்ற ஆற்றாமை. மூன்றாவதில் நெருக்கடி. நாலாவதில் செய்த வேலைக்கு மதிப்பில்லை என்ற கசப்பு. நாலையும் ‘டென்ஷன்’ என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடினால் மேற்கொண்டு ஓர் அடிகூட நகர முடியாது.

அதனால்தான் உணர்ச்சிக்குச் சரியான சொல் தேட வேண்டும் என்பது. தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. பயம் வேறு, பதைப்பு வேறு. வெட்கம் வேறு, அவமானம் வேறு. நாலு பேர் பார்க்கக் குறுகிப்போவது அவமானம், யாருமே பார்க்காவிட்டாலும் உள்ளுக்குள் அரிப்பது குற்ற உணர்வு. கையாலாகாத்தனம், ஆற்றாமை, தவிப்பு, ஏமாற்றம், ஏக்கம், எரிச்சல் என்று ஒவ்வொரு சொல்லையும் அந்தக் கணத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சரியான சொல் விழும்போது வயிற்றிலோ தொண்டையிலோ கனவில் இருந்த அதே பிடிப்பு லேசாகத் திரும்பும். அதுதான் அடையாளம். பலருக்கும் முதலில் வருவது ‘பயம்’. அதை எழுதிவிட்டு, ‘எதற்குப் பயம்?’ என்று இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டாவதாக வருகிற சொல்லைத்தான் நோட்டில் ஏற்ற வேண்டும்.

பரீட்சைக் கனவைப் பற்றி, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டு குறித்துவைத்த ஒரு விஷயம் இங்கே உதவும். கனவில் வரும் பரீட்சை பெரும்பாலும் நாம் உண்மையில் தேறிய பரீட்சையாகவே இருக்கும் என்று அவருடைய சகா ஸ்டெக்கல் கவனித்திருந்தார். ஃப்ராய்டும் தன் கணக்கைச் சரிபார்த்தார். அவர் தோற்றது தடயவியல் மருத்துவத்தில். அது ஒரு நாளும் கனவில் வரவில்லை. தேறிய தாவரவியலும் விலங்கியலும் வேதியியலும் வந்துகொண்டே இருந்தன. ஃப்ராய்டின் மற்றக் கோட்பாடுகளை ஏற்காதவர்களும் இதைத் தங்கள் கனவில் பொருத்திப் பார்க்கலாம். எல்லாருக்கும் பொருந்தும் விதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: எந்த நாளைத் தேடுவது

கனவில் நனவு வாழ்க்கை எப்போது நுழைகிறது என்பதைத் தூக்க ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். இரண்டு சாளரங்கள் தெரிகின்றன. ஒன்று முந்தைய ஒன்றிரண்டு நாள். இன்னொன்று ஐந்து முதல் ஏழு நாள் முன்பு. நடுவில் மூன்று நாலு நாள் முந்தையவை அவ்வளவாக வருவதில்லை. ஆகவே கனவு கண்ட தேதிக்கு எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: நேற்று, முந்தாநாள், போன வாரம் இதே நாளையொட்டி.

அந்த நாட்களில் பரீட்சையைத் தேடாதீர்கள். முடிச்சுக்கு நீங்கள் வைத்த சொல்லைத் தேடுங்கள். ‘குறுகிப்போனது’ என்பது சொல்லானால், அந்த நாட்களில் எங்கே குறுகிப்போனீர்கள்? இரண்டு நிமிஷத்தில் கடந்துபோன விஷயமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஒரு போன் அழைப்பு, கல்யாண வீட்டில் சித்தப்பா கேட்ட ஒரு கேள்வி, பிள்ளையின் ஹோம்வொர்க்கில் விடை தெரியாமல் விழித்தது. பெரிய கவலையைத் தேடுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது, ஏனென்றால் பெரிய கவலையைப் பற்றிப் பகலிலேயே பேசித் தீர்த்திருப்போம். காலண்டர், அழைப்புப் பட்டியல், ஜி-பே கணக்கு, போனில் எடுத்த படங்கள் ஆகியவற்றைப் புரட்டினால் போன வாரம் இதே நாள் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

ஒன்றை வேண்டுமென்றே மனசில் ஒதுக்கித் தள்ளியிருந்தால் அதைக் கூடுதலாகக் கவனியுங்கள். 2004-இல் உளவியலாளர் டேனியல் வெக்னரும் சகாக்களும் செய்த ஆய்வில், தூங்கப்போகும் முன் ஒருவரைப் பற்றி நினைக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்த ஆள்தான் அதிகமாகக் கனவில் வந்தார். ‘அதை நினைக்காமல் படு’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும் யோசனை வேலை செய்யாத காரணம் இதுதான்.

ஐந்தாம் படி: உங்கள் விளக்கத்தைத் தோற்கடிக்கப் பாருங்கள்

விளக்கம் கிடைத்ததும் ‘ஆமாம், அதேதான்!’ என்று ஒரு குதூகலம் வரும். அதை நம்பாதீர்கள். தப்பான விளக்கத்துக்கும் அதே குதூகலம்தான் வருகிறது, ராசிபலன் பொருந்துவதும் அப்படித்தானே. விளக்கம் சரியா என்று தேதிதான் சொல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். 41 வயதுப் பெண், ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் பதினைந்து வருஷ அனுபவம். கனவு: பிளஸ் டூ கணக்குத் தேர்வு, கையில் ஹால் டிக்கெட் இருக்கிறது, ஆனால் வருஷம் முழுக்க வகுப்புக்குப் போகவே இல்லை. நோட்டில் உள்ள தேதிகள்: மார்ச் 6, 22, 30, ஏப்ரல் 5, 22.

கணக்குப் பிரிவு என்றதும் முதலில் தோன்றுவது கெடுதேதிப் பதற்றம். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி வரிக் கணக்கை ஒவ்வொரு மாதமும் 20-க்குள் போட வேண்டும். இது சரியென்றால் கனவு 18, 19, 20 காலையில் வந்திருக்க வேண்டும். ஒரு தடவைகூட வரவில்லை. இரண்டு மாதமும் 20 தாண்டி, மூச்சு விட்ட பிறகுதான் வந்திருக்கிறது. கேட்க அவ்வளவு பொருத்தமாக இருந்த விளக்கம் இத்தோடு காலி.

முடிச்சுக்குத் திரும்பினால், அவருக்கு நேரம் போதாமல் போகவில்லை. படிக்காமலே ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வைத்த சொல் ‘பயம்’, இரண்டாவது சொல் ‘மாட்டிக்கொள்வது’. மார்ச் 21, ஏப்ரல் 21 இரண்டும் மாதாந்தர ரிவ்யூ மீட்டிங் நாட்கள். மார்ச் 5-ஆம் தேதியும் ஏப்ரல் 4-ஆம் தேதியும் புதிதாகச் சேர்ந்த பையன் புது சாஃப்ட்வேரில் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறான். இவர் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று சமாளித்திருக்கிறார். போன வருஷம் சாஃப்ட்வேர் மாறியபோது பயிற்சி நடந்த மூன்று நாளும் இவர் லீவில் இருந்தார். அன்றிலிருந்து பழைய எக்செல் ஷீட்டை வைத்தே வண்டி ஓடுகிறது. வகுப்புக்குப் போகாத மாணவி யார் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

மார்ச் 30-க்கு எதுவும் பொருந்தவில்லை. பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. ஐந்துக்கு ஐந்தும் கச்சிதமாகப் பொருந்தினால்தான் நாம் வலிந்து பொருத்துகிறோமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இப்போது அவர் செய்ய வேண்டியது, முன்கூட்டியே எழுதிவைப்பது: ‘மே மாத மீட்டிங்குக்கு அடுத்த இரண்டு நாளில் வரும். நடுவில் சாஃப்ட்வேர் பற்றி யாரும் கேட்காத வாரத்தில் வராது.’ நாலு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். எழுதியது நடந்தால் விளக்கத்தை வைத்துக்கொள்ளலாம். நடக்கவில்லையென்றால் அடித்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். தொடக்கத்திலேயே மூன்று விளக்கம் எழுதிவைத்துக்கொண்டால் ஒன்றின் மேல் பாசம் வைக்காமல் தப்பிக்கலாம்.

மற்றக் கனவுகளில் எங்கே பார்ப்பது

துரத்தும் கனவில் துரத்துவது யார் என்பதைவிட நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது முக்கியம். ஓடுகிறீர்களா, ஒளிகிறீர்களா, கத்தப் பார்க்கிறீர்களா? ஒளிகிறவர்கள் சாளர நாட்களில் எதைத் தள்ளிப்போட்டார்கள் என்று பார்க்கலாம். கத்தியும் குரல் வராதவர்கள், எங்கே பேச வேண்டியதைப் பேசாமல் வந்தார்கள் என்று பார்க்கலாம்.

பல் உதிரும் கனவுக்கு உலகம் முழுக்க ஏராளமான வியாக்கியானம் உண்டு. 2018-இல் இஸ்ரேலில் ரோசன், சோஃபர்-டுடெக் இருவரும் செய்த ஆய்வில், பல் கனவு மனக்கவலையோடு சேர்ந்து வரவில்லை, காலையில் எழும்போது பல்லிலும் தாடையிலும் இருக்கும் இறுக்கத்தோடு சேர்ந்து வந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேட்டுவிட்டுப் பல் டாக்டரைப் பாருங்கள். ஜோசியர் அதற்கப்புறம்.

பஸ், ரயில் தவறும் கனவில் தாமதத்துக்குக் காரணம் யார் என்று பாருங்கள். நீங்களேவா, வீட்டார் கிளம்பாமல் இழுத்தடித்தார்களா? இந்த ஒரு வித்தியாசத்தில் குற்ற உணர்வா, எரிச்சலா என்பது தெரிந்துவிடும். துணியில்லாமல் நாலு பேர் நடுவில் நிற்கும் கனவில், அந்த நாலு பேர் கவனித்தார்களா என்பதை மறக்காமல் குறியுங்கள். போனில் நம்பர் தப்புத் தப்பாக விழுவதற்கும், எழுத்தைப் படிக்க முடியாமல் போவதற்கும் ரொம்ப மெனக்கெட வேண்டாம். கனவில் எழுத்தும் எண்ணும் நிலையாக நிற்பதில்லை.

மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குவது, கண் திறந்திருந்தும் விரலைக்கூட அசைக்க முடியாதது, அறையில் ஓர் உருவம் நிற்பது ஆகியவற்றை ஊரில் ‘அமுக்குவான்’ என்பார்கள். ரெம் நேரத்தில் கை கால் தசைகளை மூளை பூட்டி வைத்திருக்கும். விழிப்பு வந்தும் அந்தப் பூட்டு திறக்காமல் சில நொடியிலிருந்து ஒன்றிரண்டு நிமிஷம் வரை நீடிப்பதுதான் இது. மல்லாந்து படுத்தாலும், தூக்க நேரம் தாறுமாறானாலும் அதிகம் வரும். இதற்கு நோட்டு வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து, நேரத்துக்குத் தூங்கினாலே பெரும்பாலும் குறையும்.

ஆறாம் படி: தெரிந்த பிறகு

விளக்கம் தெரிந்ததாலேயே கனவு நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் இதில் பெரிய ஏமாற்றம். அந்த கணக்குப் பிரிவுப் பெண்ணுக்குக் கனவு நிற்க வேண்டுமென்றால் சாஃப்ட்வேரை இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும், அல்லது ‘எனக்கு இது தெரியாது, நீயே சொல்லிக்கொடு’ என்று அந்தப் பையனிடம் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். கையில் எடுக்கக்கூடிய விஷயமென்றால் அடுத்த 48 மணி நேரத்தில் செய்யக்கூடிய மிகச் சிறிய வேலையாக அதை உடையுங்கள். ‘லோனை அடைக்க வேண்டும்’ என்பது வேலை ஆகாது. ‘திங்கள்கிழமை பேங்கில் பாக்கி ஸ்டேட்மென்ட் வாங்க வேண்டும்’ என்பது வேலை.

படுக்கும் முன் ஐந்து நிமிஷம், நாளை செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பேலர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் 57 பேரை வைத்துச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிஷம் சீக்கிரமாகத் தூங்கினார்கள். பட்டியல் விவரமாக இருக்க இருக்கப் பலன் கூடியது. எழுதிய தாளைப் படுக்கையறையில் வைக்காமல் சமையலறை மேடையிலோ செருப்பு ஸ்டாண்டிலோ வைத்துவிட்டு வாருங்கள்.

அப்பாவின் உடல்நிலை, முடிந்துபோன ஒரு சண்டை, திரும்ப வராத வேலை என்று கையில் எடுக்க முடியாத விஷயங்கள் இருக்கும். அங்கே கனவையே மாற்ற ஒரு வழி இருக்கிறது.

பகல் ஒத்திகை

காட்சி ஒத்திகைச் சிகிச்சை என்பது இதன் மருத்துவப் பெயர். பேரி கிராக்கோவும் சகாக்களும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். கெட்ட கனவு குறைந்தது, தூக்கமும் தேறியது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2018-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில் கெட்ட கனவுக்குப் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

பதற்ற எண் 5, 6 உள்ள ஒரு கனவை எடுங்கள். 10-ஐ முதலில் தொடாதீர்கள். அதை ஒரு தடவை மட்டும் சுருக்கமாக எழுதுங்கள். பிறகு எந்த இடத்தில் வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதுங்கள். முடிவு மங்களமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. நூல் நுழையவில்லையா? சூப்பர்வைசர் ஸ்டேப்ளர் நீட்டலாம். நீங்கள் பேப்பரை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்து டீ குடிக்கலாம். ஹாலே உங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையாக மாறலாம். புதிய காட்சியைத் தினமும் பகலில் 10 முதல் 20 நிமிஷம், விழித்தபடி மனசில் ஓட்டிப் பாருங்கள். வெளிச்சம், சத்தம், டீ டம்ளரின் சூடு வரை தெரிய வேண்டும். வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு கனவுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

இது தோற்கும் இடங்கள் தெரிந்தவைதான். புதிய காட்சிக்கு வருவதற்கு முன் பழைய கனவையே ஒரு சுற்று ஓட்டிவிடுவார்கள். அப்போது ஒத்திகை பழையதற்கு நடக்கிறது. துரத்துகிறவனை அடித்துக் கொல்வது மாதிரி எழுதினால், படம் மாறினாலும் பதற்றம் அப்படியே இருக்கும். வார்த்தையாகச் சொல்லிக்கொண்டால் போதும் என்று காட்சியை விட்டுவிடுவார்கள். மூன்று நாள் பார்த்துவிட்டு ‘ஒண்ணும் ஆகலை’ என்று நிறுத்திவிடுவார்கள். குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். கனவு மறையும் முன் அதில் ஏதாவது பிசகத் தொடங்கும்: ஹால் இருக்கும், சூப்பர்வைசர் இருக்க மாட்டார். இல்லையென்றால் கனவுக்குள்ளேயே ‘இதைத்தான் எழுதியாச்சே’ என்று தோன்றும். ஐந்தாவது வரியில் அதைக் குறியுங்கள். வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி.

நோட்டை மூடிவிட்டு டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

விபத்து, வன்முறை, போர், வெள்ளம் என்று உண்மையில் நடந்தது அப்படியே கனவில் திரும்ப ஓடினால் நீங்களாக ஒத்திகை பார்க்க வேண்டாம். மனநல மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற உளவியலாளர் துணையோடுதான் செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் கெட்ட கனவு வந்து, தூங்கவே பயந்து படுக்கையைத் தள்ளிப்போடுகிற நிலை வந்தாலும் போய்விடுங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் நோட்டு, தேதி எதற்கும் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி-மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் கனவுக்கு ஏற்பத் தூக்கத்தில் கை கால் வீசுவது, கத்துவது, கட்டிலிலிருந்து விழுவது என்று இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரெம் நேரத்துத் தசைப் பூட்டு விழாமல் போகும் கோளாறு அது. ஷெங்க்கும் மஹோவால்டும் மின்னசோட்டாவில் 1986-இல் இதை விவரித்தார்கள். பார்க்கின்சன் நோய்க்குப் பல வருஷம் முன்னோடியாகவும் வரக்கூடியது என்பதால், ‘பகலில் பேயைப் பார்த்திருப்பார்’ என்று தாயத்துக் கட்டிக் காலம் கடத்த வேண்டாம். அதுவரை கட்டில் பக்கத்தில் கண்ணாடி, கத்தி, கூரான மேஜை எதுவும் இருக்கக் கூடாது.

நிஜமாகவே பரீட்சை எழுதப்போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்து, ‘ஃபெயில் ஆன மாதிரி கனவு கண்டேன்’ என்று அழுதால் இதைச் சொல்லுங்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பாரிஸில் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய 719 பேரை இசபெல் ஆர்னுல்ஃப் குழு விசாரித்தது. தேர்வுக்கு முந்தின இரவில் 60 விழுக்காட்டினர் அதைக் கனவில் கண்டிருந்தார்கள். அவற்றில் முக்கால்வாசிக்கும் மேல் லேட்டாகப் போவது, விடை மறப்பது மாதிரியான கனவுகள். கனவு காணாதவர்களைவிட, தேர்வைப் பற்றிக் கனவு கண்டவர்கள் சராசரியாக நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார்கள்.

மூன்று மாதம் கனவு வராமல் இருந்தால் தினமும் எழுதுவதை நிறுத்திவிடலாம். நோட்டை மட்டும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு விடியற்காலையில் மறுபடி அதே ஹாலில் உட்கார நேர்ந்தால், பழைய தேதிகள் கையில் இருக்கும். விசாரணை பாதியிலிருந்து தொடங்கும்.